ஜிம்மியும் சீனியும் கொடுத்த புகார்கள்

இணையத்தில் பேசும் நாய்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ‘ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரம் மம்மியும் டாடியும் என்னைக் கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க’ என்று ஆரம்பிக்கும். கழுத்தில் கைக்குட்டை, பின்னால் பச்சைப் பசேலென்று தேயிலை. அந்த நாய்க்கு எல்லாமே பிடித்திருக்கும். விடுதி பிடித்திருக்கும். விடுதிக்காரர் கொடுத்த பிஸ்கட் பிடித்திருக்கும். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைகூடப் பிடித்திருக்கும். அந்த மாதிரிப் பாதையில் நாய் என்ன செய்யும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். கார் இருக்கையைக் கழுவியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது எந்தப் படத்திலும் வராது. நன்றி சொல்வதற்காக மட்டும் வாய் கொடுக்கப்பட்ட நாய்கள் அவை.

எங்கள் வீட்டிலும் நாய்கள் பேசின. அவை ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

மூன்று பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. 2013-இலிருந்து 2019 வரை என் தங்கை எழுதியவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் ‘ஜிம்மி, சீனி: ஊர் சுற்றிய கதை’ என்று எழுதியிருக்கிறாள். உள்ளே இருப்பது புக்கிட் மெர்தாஜாமில், அல்மா பக்கம் ஒரு தாமான் வீட்டில் குடியிருந்த இரண்டு நாய்களின் ஞாயிற்றுக்கிழமைகள். ஜிம்மி கறுப்பு. கம்போங் நாய், கொஞ்சம் வயசானவன், எதிலும் குறை கண்டுபிடிப்பவன். சீனி பழுப்பு நிறப் பெட்டை. பிறை தொழிற்பேட்டையில் ஒரு கொள்கலன் லோரிக்கு அடியில் டீசல் வாசனையோடு கிடந்த குட்டி. அப்பாதான் தூக்கிவந்தார்.

அப்பா லோரி ஓட்டுநர். பிறையில் சரக்கு ஏற்றிக் கிள்ளான் துறைமுகம்வரை போய் வருவார். அந்த வருஷம்தான் அவருக்கு இனிப்புநீர் என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். “வாரத்துல ஆறு நாளு ரோட்டுலயே கெடக்குறேன். ஞாயித்துக்கெழமையும் ரோட்டுக்குப் போவணுமா?” என்றார் அப்பா. அடுத்த வாரம் குட்டியோடு வந்து நின்றார். “வீட்டுல சீனியே இருக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, நீங்க ஒன்ன தூக்கிட்டு வர்றீங்க” என்றார் அம்மா. எதற்குச் சொன்னார் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. குட்டி வந்தபிறகு வீட்டில் இரண்டு நாய்கள். இரண்டு நாய்களை ஒரு தாமான் வீட்டின் முன்வாசலில் அடைத்து வைக்க முடியாது. அப்பா நடக்க ஆரம்பித்தது அப்படித்தான். பழைய புரோட்டோன் சாகாவில் பின்னிருக்கையில் நாங்கள் இரண்டு பேர், நாய்கள் இரண்டு பேர்.

தங்கை அப்போது ஆறாம் வகுப்பு, யு.பி.எஸ்.ஆர். வருஷம். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் ‘தன்கதை’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: அது ஒரு கட்டுரை வகை. ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு காலணி’. பொருள் தன் கதையைத் தானே சொல்லும். தொழிற்சாலையில் பிறக்கும், லோரியில் ஏறும், கடையில் தொங்கும், ஒரு மாணவன் வாங்குவான், முதலில் கொஞ்சுவான், பிறகு வீசி எறிவான். முக்கால்வாசிக் கட்டுரைகள் குப்பைத்தொட்டியில்தான் முடியும். நாங்கள் எல்லாரும் பத்து வயதுக்குள் குறைந்தது ஐந்து முறையாவது குப்பைத்தொட்டியில் கிடந்து அழுதவர்கள். இதைக் கேலியாகச் சொல்லலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயில்லாத ஒன்றுக்கு வாய் கிடைத்தால் அது முதலில் குறையைத்தான் சொல்லும் என்று ஒரு முழுத் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வகை அது. தங்கைக்கு வீட்டுப்பாடமாக வந்தது ‘நான் ஒரு நாய்’. ஆசிரியருக்குக் கொடுத்த கட்டுரையை அவள் நல்லபடியாக எழுதினாள். வீட்டு நோட்டில் எழுதியது வேறு.

நோட்டின் முதல் பக்கம் இப்படிப் போகிறது: ‘என் பேரு ஜிம்மி. வயசு தெரியாது. இன்னைக்கு டிரைவர் எங்கள ஒரு பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனார். வாசல்ல ஒரு பலகை. அதுல என் படம் வரைஞ்சி மேல சிவப்புக் கோடு போட்டிருக்காங்க. நான் இதுக்கு முன்னால அங்க போனதே இல்ல. என்னை எப்படித் தெரியும்?’

டிரைவர் என்பது அப்பா. அம்மாவுக்கு நாய்கள் வைத்த பெயர் ‘சோறு’. நான் ‘பெரியவன்’. அவளே ‘கிறுக்கி’. அப்பாவை அப்பா என்றே போட்டிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். “அண்ணே, நாய்க்கு அவர் எப்படி அப்பா ஆவாரு?” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் இன்றைய மம்மி, டாடி நாய்களையெல்லாம் தாண்டிவிட்டாள் என்பது என் கட்சி. நாயைப் பிள்ளையாக்கிவிட்டால் அது பிள்ளைக்குரிய வார்த்தைகளைத்தான் பேசும். டிரைவர் என்றால் அவரை வெளியிலிருந்து பார்க்க முடிகிறது.

பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஜிம்மி எழுதுகிறான்: ‘டிரைவர் கோப்பிக்கடையில தே தாரிக் சொன்னார். குராங் மானிஸ்னு சொல்லவே இல்ல. எனக்குக் காது நல்லா கேக்கும்.’ அம்மா படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். “நாய் பொய் சொல்லுது” என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இதையே தங்கை நேரில் சொல்லியிருந்தால் அன்றைக்கு வீட்டில் சத்தம் கேட்டிருக்கும். இன்னொரு வாரம் சீனி: ‘எல்லாரும் மரத்தடியில படுத்தாங்க. சோறு மட்டும் உக்காரல. தட்டு போட்டுச்சு, தட்டு எடுத்துச்சு. காலையில நாலு மணிக்கே அடுப்படியில லைட்டு எரிஞ்சிச்சு. சோத்துக்கு லீவு இல்ல போல.’ அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒன்றும் சொல்லாமல் வழியில் காரை நிறுத்தி நாசி லெமாக் ஆறு பொட்டலம் வாங்கினார். இரண்டு பொட்டலம் யாருக்கு என்று அம்மா கேட்டதற்கு, “எழுதறவங்களுக்கும் கொடுக்கணும்ல” என்றார்.

சுற்றுலாக் கதையில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். குடும்பமாக வெளியே போவதில் இதுதான் நடக்கிறது. யார் ஓட்டுகிறார், யார் சமைக்கிறார், யார் முன்னால் உட்கார்கிறார், யாருக்குப் போக விருப்பமில்லை. இடம் அதற்குப் பின்னால் நிற்கும் திரைச்சீலை. நாயின் கண் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருப்பதால் திரைச்சீலை அதற்குத் தெரிவதில்லை.

பழைய கதைகளிலும் நாய் வாய் திறந்தால் பெரும்பாலும் வழக்குதான். மகாபாரதம் ஆதிபர்வத்தின் தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி அழுதுகொண்டு தாயிடம் போகிறது. ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி செய்கிறான், அவனுடைய மூன்று தம்பிகளும் அந்தக் குட்டியை அடித்துவிடுகிறார்கள். குட்டி அவிப்பொருளை நக்கவில்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. தாய் சரமா, தேவர்களின் நாய், வேள்விக் களத்துக்கே வந்து கேட்கிறாள்: தவறே செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள்? அவர்கள் பதில் சொல்வதில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று சாபமிட்டுவிட்டுப் போகிறாள். இராமாயணத்தின் உத்தரகாண்டத்தில், இடைச்செருகல் என்று பலர் ஒதுக்கும் ஒரு பகுதியில், அடிபட்ட நாய் ஒன்று இராமனின் சபைக்கு வந்து தன்னை அடித்தவன்மேல் வழக்குத் தொடுக்கிறது. தண்டனையையும் அதுவே சொல்கிறது. அவனை ஒரு மடத்துக்குத் தலைவனாக்குங்கள் என்கிறது. முற்பிறவியில் தானும் மடத் தலைவனாக இருந்துதான் இப்படி நாயானேன் என்கிறது. இதைவிடக் கூர்மையான அரசியல் நகைச்சுவை அந்தக் காவியத்தில் வேறு இல்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1613-இல் வெளிவந்த செர்வாண்டிஸின் கதைத் தொகுப்பில் இரண்டு நாய்கள் வல்லாடோலிட் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஓர் இரவு முழுக்கப் பேசுகின்றன. அதில் பெர்கன்ஸா என்ற நாய் தன் எஜமானர்களை ஒவ்வொருவராக அவிழ்த்துப் போடுகிறது. ஓநாயைப் பிடிக்க நாய்களை இரவெல்லாம் காட்டுக்குள் ஓடவிட்டுவிட்டு, ஆட்டைக் கொன்று தின்பவர்கள் மேய்ப்பர்களேதான் என்று கண்டுபிடிக்கும் இடம் ஒன்று வரும். வெர்ஜினியா வூல்ஃப் 1933-இல் எழுதிய ‘ஃப்ளஷ்’ கொஞ்சம் சாதுவானது. கவிஞர் எலிசபெத் பாரட்டின் நாய் லண்டன் அறையிலிருந்து இத்தாலிக்குப் போய், அங்கே ஃப்ளாரன்ஸ் நகரத்தை முகர்ந்தே தெரிந்துகொள்ளும் கதை. ஆனால் அதிலும் நாய் தானாகப் பேசுவதில்லை. வூல்ஃப்தான் அதற்காகப் பேசுகிறார்.

பேசாத நாய் ஒன்று நம்மிடமும் உண்டு. பாண்டவர்கள் கடைசியாக மலை ஏறும்போது கூடவே வரும் நாய். தம்பிகளும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்தபிறகும் அது வருகிறது. இந்திரன் தேரோடு வந்து, நாயை ஏற்ற முடியாது என்கிறான். அப்படியென்றால் நானும் ஏறவில்லை என்கிறான் தருமன். அந்த வழி முழுக்க நாய் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடைசியில் அது தருமதேவதை என்று தெரியவருகிறது. வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவத்தோடு முடிந்துவிடுவதால் இந்த நாய் அதில் இல்லை. பெரும்பாலான தமிழ் வீடுகளுக்கு அது கதாகாலட்சேபத்திலும் தொலைக்காட்சியிலும்தான் வந்து சேர்ந்தது. அப்பாவும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். அந்தக் கட்டம் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். லோரிக்குத் தண்ணி பார்க்க வேண்டும் என்றார்.

நோட்டை வைத்து ஒரு வரைபடம் போட்டால் அது சுற்றுலாத் துறை கொடுக்கும் வரைபடமாக இருக்காது. நாய் இறங்கக்கூடிய இடங்களும் இறங்க முடியாத இடங்களுமாக இருக்கும். பாலத்தில் போகலாம், இறங்க முடியாது. 1985-இல் திறந்த முதல் பாலம், 13.5 கிலோமீட்டர். அதைப் பற்றி ஜிம்மி எழுதியதெல்லாம் இவ்வளவுதான்: ‘தீவுக்குப் போக 7 வெள்ளி வாங்குறாங்க. திரும்பி வர காசு இல்ல. வீட்டுக்குப் போறதுதான் இலவசம்.’ புனித அன்னாள் ஆலய வளாகத்தில் இருக்கும் செரோக் தோக் குன் கல்வெட்டைப் பார்க்கப் போனபோது நாய்கள் அப்பாவோடு வெளியே காரில் இருந்தன. பல்லவ எழுத்தில் பொறித்த பாறை அது. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார். நம் ஆட்கள் இந்தப் பக்கம் வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் ஊரில் அந்தப் பாறையைத்தான் காட்டுவார்கள். சீனி எழுதியது: ‘பெரியவனும் கிறுக்கியும் ஒரு கல்லு முன்னால ரொம்ப நேரம் நின்னாங்களாம். யாரோ ஏதோ சேதி விட்டுட்டுப் போயிருக்காங்களாம். படிக்கத் தெரியலையாம். என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா நான் மோந்து பாத்திருப்பேன்.’

இறங்க முடிந்த இடங்கள் மூன்று நான்குதான். செரோக் தோக் குன் காட்டுப் பூங்காவின் கீழ்ச்சரிவு. மெங்குவாங் அணைக்கட்டுப் பக்கம். அது விரிவாக்க வேலைக்காகப் பல வருஷம் மூடிக் கிடந்ததால் வேலிக்கு வெளியே மட்டும். பட்டர்வொர்த் ரோபினா கடற்கரை. அங்கே அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கடல் வற்றினால் சேறுதான் தெரியும். எதிரே தீவு புகைமூட்டமாக நிற்கும். சேறுதான் நாய்களுக்கு வேண்டியது. இரண்டாம் படிவத்தில் தங்கை நூலகத்தில் ஏதோ படித்துவிட்டு வந்தாள். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெரியும், சிவப்பு தெரியாது என்று. அதற்குப்பிறகு நோட்டில் சிவப்பே இல்லை. பலகைகளில் கோடு ‘ஒரு மாதிரி மங்கலா’ இருக்கிறது. ரோபினாவில் கடலும் வானமும் பிரமாதமான நீலம், அந்தி மட்டும் அழுக்கு நிறம். இந்தக் கண்டிப்பு எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

பக்கத்து வீட்டு மக்சிக்கைப் பற்றியும் எழுத வேண்டும். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது ஷாஃபி சட்ட மரபு. அதன்படி நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில் ‘நாயைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறேன்’ என்று ஒரு நிகழ்ச்சி நடந்து நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டபோது, எங்கள் வரிசை வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அப்பா வழக்கம்போல மக்சிக் வெளியே நின்றால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துச் சாலையைக் கடந்து அந்தப் பக்கமாக நடந்தார். ஜிம்மியின் பதிவு: ‘நீல முக்காடு போட்டவருக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சேன். ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு தினமும் சுடா மாக்கான்னு கேக்குறது அவர் ஒருத்தர்தான். இந்த வீட்டுல யாரும் நீ சாப்பிட்டியான்னு கேக்குறதில்ல. போட்டுட்டுப் போயிடுறாங்க.’ இதை மக்சிக்கிடம் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னாள் தங்கை. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒருநாளும் தொடவில்லை. ஒருநாளும் கேட்காமலும் இருக்கவில்லை.

2015 செப்டம்பரில் பக்கங்கள் நிற்கின்றன. அந்த ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநோய் உறுதியானது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்வதென்று முடிவானது. விலங்கு நல அமைப்புகள் எதிர்த்தன, தடுப்பூசி போடுங்கள் என்றன. பத்திரிகைகளில் வாரக்கணக்கில் சண்டை. எங்கள் நாய்களுக்கு உரிமமும் கழுத்துப்பட்டையும் இருந்தன, ஊசியும் போட்டாயிற்று. இருந்தாலும் அப்பா கேட்டைப் பூட்டினார். நோட்டில் அந்த மாதத்துக்கு ஒரே ஒரு பக்கம், சீனி எழுதியது: ‘இந்த ஞாயிறு எங்கயும் போகல. போன ஞாயிறும் போகல. கோப்பிக்கடைக்குப் பின்னால இருக்குற மூணு பேரும் கேட்டுப் பக்கம் வரல. அவங்க வந்த வாசனை வியாழக்கெழமை வரைக்கும் இருந்துச்சு. மழை பெஞ்சிருச்சு.’

எங்கும் போகாத வாரத்தைப் பற்றி எழுதியதால்தான் மற்ற வாரங்களை நான் நம்புகிறேன்.

நாய்க்கு உண்மையில் போன ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருக்குமா? 2016-இல் புடாபெஸ்டில் ஏத்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 17 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். எஜமானர் ஒரு குடையைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வழக்கம்போலப் படுக்கச் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்க்கிறது. திடீரென்று, ‘நான் செய்ததைச் செய்’ என்கிறார்கள். ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டாலும், ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் பல நாய்கள் போய்க் குடையைத் தொட்டன. நேரம் ஆக ஆகத் தவறுகள் கூடின. அதாவது, தேவையில்லை என்று நினைத்த ஒன்றையும் நாய் கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் எவ்வளவு தூரம், அல்லது முப்பது வருஷம் எவ்வளவு தூரம் என்று அந்தச் சோதனை பேசவில்லை.

முப்பது வருஷம் என்று சொன்னதற்குக் காரணம் 2018-இல் ஒரு ஞாயிறு. அப்பா பிறந்த ரப்பர் தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஒருநாளும் எங்களை அங்கே கூட்டிப் போனதில்லை. போக அங்கே என்ன இருக்கிறது என்பார். உண்மைதான். செபராங் பிறையில் அல்மா, ஜூரு, பத்து காவான் எல்லாப் பக்கமும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. பத்து காவானுக்கு இப்போது ஜனங்கள் போவது ஐக்கியாவுக்கு. தோட்டம் என்பது வேலை மட்டும் இல்லை. லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, பள்ளி, கோயில் எல்லாம் அந்த வேலையோடு கட்டியவை. நிலம் கைமாறினால் வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும். எண்பதுகளின் நடுவில் அப்பாவின் குடும்பம் அப்படித்தான் ஒரு அடுக்குமாடி பிளாட்டுக்கு வந்தது. அவருக்கு அப்போது பதினேழு வயது.

தங்கை கேட்டுக்கொண்டே இருந்ததால் போனோம். லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் பெரிய சாக்கடை. கோயில் மட்டும் பெயர்த்து வேறு மூலையில் வைத்தது போல, புதுச் சுண்ணாம்போடு. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாய்கள் சாக்கடை ஓரமாக முகர்ந்துகொண்டே போய்ச் சாக்கடை ஓரமாகத் திரும்பி வந்தன. இருபது நிமிஷம். வெயில் ஏறிவிட்டது, கிளம்பிவிட்டோம்.

அன்றிரவு தங்கை ஜிம்மியின் பெயரில் ஒரு பக்கம் எழுதினாள். அப்பா சின்ன வயசில் வெள்ளையன் என்று ஒரு நாய் வைத்திருந்தார், அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று அம்மா எப்போதோ சொல்லியிருந்தார். அதை வைத்து எழுதியிருந்தாள். அந்த மண்ணில் ஒரு பழைய நாயின் வாசனை தனக்குக் கிடைத்ததாகவும், அவன் இன்னும் டிரைவருக்காகக் காத்திருப்பதாகவும் ஜிம்மி சொல்வான். அவளுக்குப் பதினேழு வயது. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் செத்துப்போன எஜமானுக்காக ஒன்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஹச்சிகோவின் படம் அவள் மேசையில் ஒட்டியிருந்தது. மூன்று நோட்டுகளிலும் சேர்த்து நாய்க்கு நன்றியுணர்ச்சி வந்த ஒரே பக்கம் அதுதான்.

அப்பா படித்தார். எப்போதும் படித்துவிட்டுச் சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை.

“நாய் இப்படிச் சொல்லாது பாப்பா.”

“அப்புறம் எப்படிப்பா சொல்லும்?”

கொஞ்ச நேரம் கழித்து, “எழுது” என்றார். நான் கூடத்தில் இருந்தேன். அம்மா அடுப்படியில் விளக்கை அணைக்காமல் நின்றிருந்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

‘என் பேரு வெள்ளையன். மூணாம் லயத்துல ஆறாவது வீடு. லோரி வந்துச்சு. மொதல்ல கட்டில ஏத்துனாங்க. அப்புறம் சாமிப் படம். கோழியக்கூட கூடையில போட்டு ஏத்துனாங்க. நானும் ஏறுனேன். எறக்கி விட்டாங்க. ரெண்டாவது தடவையும் ஏறுனேன். அந்தப் பையந்தான் தூக்கி எறக்கி விட்டான். பிளாட்டுல நாய் வெக்கக்கூடாதாம். கோழி வெக்கலாமான்னு யாரும் கேக்கல. லோரிக்குப் பின்னால பெரிய ரோடு வரைக்கும் ஓடுனேன். அதுக்கு அங்கிட்டு என் எடம் இல்ல, வேற நாய்ங்க எடம். திரும்பி வந்துட்டேன். வீட்டுல கதவக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. உள்ள போயி படுக்கலாம், ஆனா அது வீடு மாதிரி இல்ல. எல்லா லயத்து நாய்ங்களும் இருந்துச்சுங்க. சோறுதான் இல்ல. அடுத்த வாரம் அந்தப் பையன் சைக்கிள்ள வந்தான். பொட்டலத்துல சோறும் கருவாடும். பேரச் சொல்லிக் கூப்ட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான் போகல.’

“போதும்” என்றார்.

தங்கை பேனாவை வைக்கவில்லை. “ஏம்பா போகல?”

“அது சொன்னாத்தான தெரியும்.”

எழுந்து வெளியே போனார். சீனி கூடவே போனாள். ஜிம்மி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படி விளக்கை அணைத்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் கூட இருந்த அம்மாவுக்கே அந்தச் சைக்கிளும் கருவாடும் புதுச் செய்தி. எங்களுக்குக் கதவு கழட்டிய வீடு புதுச் செய்தி. தோட்டத்தை விட்டு வந்ததைப் பற்றி அப்பா எங்களிடம் இதுவரை சொன்னதெல்லாம் ‘அப்ப பிளாட்டு கெடச்சிச்சு, வந்துட்டோம்’ என்ற ஒற்றை வரிதான். தன் வாயால் அந்த வரியைத் தாண்டி அவர் போனதில்லை, இன்றுவரை போகவில்லை. தன்மேல் வழக்குப் போட ஒரு நாயைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அதன் தரப்பை அதைவிட நன்றாகச் சொல்லிவிட்டுப் போனார். சரமாவின் கேள்விக்கு முன்னால் நின்ற அந்த மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் பாரதத்தில் இருக்கிறது.

தங்கை ஜிம்மியின் பக்கத்தைக் கிழிக்கவில்லை. மேலே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறாள், பூங்காப் பலகையில் இருப்பது மாதிரி, மூலைக்கு மூலை. வெள்ளையனின் பக்கத்தில் திருத்தம் ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த பக்கம் இரண்டு வாரம் கழித்து. இடம் ரோபினா. எழுதியது சீனி: ‘கடல் வத்தி இருந்துச்சு. சேத்துல ஒரு நண்டு. நான் கடிச்சேன். அதுவும் கடிச்சிச்சு. டிரைவர் தே தாரிக் குடிச்சார். குராங் மானிஸ்னு சொன்னார், ரெண்டு தடவ, சத்தமா.’